வெள்ளைப் பெட்டியில் ஒரு பொட்டு

1

நவராத்திரி தொடங்கினால் ஊரில் இருப்பவர்களுக்கு அவலும் கடலையும் கும்பமும் நினைவுக்கு வரக்கூடும். எனக்கு இப்போதெல்லாம் முதலில் வருவது ஒரு வெள்ளை விளையாட்டுப் பெட்டி. உள்ளங்கை அகலம், புத்தகம்போல மடித்து மூடலாம், திறந்தால் மேலும் கீழுமாக இரண்டு திரைகள். ஏதோ ஒரு ஜப்பான் நிறுவனத்தின் தயாரிப்பு. பாரிசில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் அது இல்லாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

போன நவராத்திரிக்கு அந்தப் பெட்டியால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கிளிநொச்சியிலிருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, நீ சிரிக்கிறியா அழுகிறியா எண்டே எனக்கு விளங்கேல்லை. ஆறுதலா எழுதி அனுப்பு" என்றாள். ஒரு வருடம் போய்விட்டது. இந்த வருடம் மறுபடியும் சரஸ்வதி படத்தைத் துடைத்து வைத்தபோதுதான் இனியும் தள்ளிப்போடக்கூடாது என்று தோன்றியது.

2

நான் வேலை செய்வது பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில். கணக்கும் பார்ப்பேன், கல்லாவிலும் நிற்பேன். முதலாளி தவமண்ணை. ஆள் கொஞ்சம் வாய்க்காரர், ஆனால் மனிதர் நல்லவர்.

2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் கலியாணம் முடித்து இங்கே வந்தேன். ஊரில் போர் முடிந்த அந்த வைகாசியில் இதே கடைக்கு வாடிக்கையாளராக வந்து நின்றிருக்கிறேன். அப்போது இடப்பக்கச் சுவர் முழுவதும் தொலைபேசி அட்டைகள். எங்கள் சனம் ஓர் அட்டையை வாங்கும், சுரண்டும், எண்ணை அழுத்தும், காதில் வைத்தபடி ஒன்றும் பேசாமல் நிற்கும். பிறகு இன்னோர் அட்டை வாங்கும். அதற்குமேல் அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது.

இப்போது அந்தச் சுவரில் விளையாட்டுப் பெட்டிகள். புதியவை, பழையவை, மூடி உடைந்தவை, பற்றரி போனவை, குண்டுமணியளவு பொத்தான்கள் தனித்தனிப் பைகளில். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமைகளில் கடைக்குள் திரும்ப இடமிருக்காது. எங்கள் ஆட்கள், மாலி நாட்டுப் பெண்கள், அல்ஜீரியாக்காரர், மேலே மொன்மார்த் குன்றிலிருந்து இறங்கி வரும் பிரெஞ்சுக்காரர் எல்லோரும் ஒரே பெட்டியைக் கேட்பார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு மொழிகூடத் தேவைப்படாது, விரலால் காட்டினால் போதும்.

"லா சப்பலிலை ஒரு ஜப்பான்காரனை நீ கண்டிருக்கிறியே பிள்ளை?" என்று தவமண்ணை கேட்பார். "நானும் காணேல்லை. ஆனா என்ர கடை வாடகையிலை பாதியை அவன்தான் கட்டுறான்."

ஊரில் நான் வணிகம் படித்தவள். ஏற்றுமதி பற்றிய பாடத்தில் ஜப்பான் என்றால் கார், வானொலி, நம்பி வாங்கக்கூடிய சாமான் என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். வாங்குபவனுக்கு எது வேண்டுமோ அதைச் செய்து விற்பவன் வெல்வான் என்றும் எழுதியிருக்கிறேன். விளையாட்டைப் பற்றி ஒரு வரியும் இருந்ததாக நினைவில்லை.

ஒருநாள் ஒருவர் அமெரிக்காவிலிருந்து மாமன் அனுப்பிய பெட்டியோடு வந்தார். இங்கே வாங்கிய விளையாட்டு அதில் ஓடவில்லை. அந்த வகைப் பெட்டிகளை அப்படித்தான் செய்திருந்தார்கள். ஒரு பிராந்தியத்துப் பெட்டியில் அந்தப் பிராந்தியத்து விளையாட்டுத்தான் ஓடும்.

"அண்ணை, இதுக்கும் விசாப் பிரச்சினை" என்றார் தவமண்ணை. "அமெரிக்காக் கிரீன்காட்டோடை பிரான்சிலை வேலை செய்யேலாது."

வந்தவர் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொபினி பிரிபெக்தூர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்காகக் காலை இருட்டோடு வரிசையில் நின்றதும், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டது ஒன்று, நான் பதற்றத்தில் நீட்டியது வேறொன்று என்று திரும்பி வந்ததும் நினைவுக்கு வந்தன. பெட்டிக்கும் அப்படியொரு சோதனை உண்டு என்பதில் ஏனோ ஓர் ஆறுதல்.

3

என் மகள் ஆரணிக்குப் போன நவராத்திரியின்போது ஏழு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அதுகூடப் பரவாயில்லை. பள்ளியில் எந்த மொழியிலும் பதில் சொல்வதில்லை.

ஆசிரியை என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எழுதுகிறாள், வாசிக்கிறாள், ஆனால் குரல் இல்லை. கேட்டால் மேசையைப் பார்க்கிறாள். இடைவேளையில் சுவரோடு நிற்கிறாள். "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்? எவ்வளவு நேரம் திரை பார்க்கிறாள்?" இரண்டுக்கும் நான் பொய்யில்லாத பதில் ஒன்றைத் தேடுவதற்குள் அடுத்த பெற்றோரின் நேரம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தமிழில் பேசியதுதான் பிழையோ? பிரெஞ்சில் பேசினால் என் பிழைப் பிரெஞ்சு அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ? அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்திருக்கக்கூடாதோ? கடையில் திருத்தி விற்பதற்கு வந்த ஒன்றைத் தவமண்ணை பிறந்தநாளுக்கென்று பாதி விலைக்குத் தந்திருந்தார். "பிள்ளையளுக்குப் பழக ஒரு சாமான் வேணும் பிள்ளை. சும்மா யோசியாதை."

அவள் விளையாடியது கடற்கரை ஊரொன்றில் சின்ன உணவுக்கடை நடத்தும் விளையாட்டு. சோற்று உருண்டை பிடிக்கவேண்டும், நூடில்ஸ் அவிக்கவேண்டும், வருபவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லவேண்டும். என் கணவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குப் பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பார்.

"என்ர வேலைதான் இது. ஆனா இஞ்சை பற்றோன் கத்துறேல்லை" என்பார். பற்றோன் என்றால் முதலாளி.

நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் அதைத் திறந்தபோது எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. ஐரோப்பிய மொழிகள் வரிசையாக வந்தன. தமிழ் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பிரெஞ்சை அழுத்தியதும் அந்தக் கடற்கரை ஊர் முழுவதும் ஒரு பிழையுமில்லாமல் பிரெஞ்சு பேசியது. அதே ஊரில் வீட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். சோற்றுருண்டை சோற்றுருண்டையாகவே இருந்தது. அதை யாரும் பிரெஞ்சுக்காரர் தின்னும் பாணாக மாற்றவில்லை. மொழியை மாற்றிக்கொண்டார்கள், வாசற்படியை மாற்றவில்லை. இங்குள்ள பிள்ளைகள் அதைத்தான் காசு கொடுத்து வாங்கி மடியில் வைத்திருக்கிறார்கள்.

இதை யோசித்த அன்று நான் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தேன். பள்ளி வாசலுக்குப் போகுமுன் பொட்டைத் துடைத்துவிட்டுப் போவது என் வழக்கம். யாரும் எதுவும் சொன்னதில்லை. பிள்ளைக்குக் கரைச்சல் வரக்கூடாது என்று நானாகச் செய்துகொண்டது.

அந்தப் புரட்டாதியில் ஆரணிக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். பெயர் லூசி. அவளிடமும் அதே விளையாட்டு, அதே வெள்ளைப் பெட்டி. இடைவேளையில் இருவரும் சுவரோரம் குந்தியிருந்து விளையாட்டைப் பற்றிக் கதைக்கிறார்களாம். கதைக்கிறார்கள்! பள்ளிப் பிள்ளைகள் முந்நூறு பேரில் என் மகள் வாய் திறந்தது அந்த ஒருத்தியிடம்தான். எனக்கு அந்த லூசியைத் தூக்கி வைத்துக் கொஞ்சவேண்டும்போல இருந்தது. அவளுடைய தாயைக் கண்டால் மட்டும் எனக்குப் பயம். பெரிய தெருவில் சிகையலங்காரக் கடையில் வேலை, எப்போதும் அவசரம், "பொன்ஜூர்" என்று சொல்லும்போதே பாதி தூரம் போய்விடுவார்.

4

எங்கள் வீட்டில் சரஸ்வதிக்கு இடம் குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில். கடைசி மூன்று நாட்களும் புத்தகங்களையும் தொழில் செய்யும் சாமான்களையும் அங்கே வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். விசயதசமிக் காலைப் பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. என் கணவர் தன் குசினிக் கத்திகளில் நல்லதொன்றை வைப்பார். நான் கல்குலேற்றர்.

போன வருடம் சனிக்கிழமை பூசை வைக்கும்போது ஆரணி தமிழ் வகுப்புக்குப் போயிருந்தாள். அவளுடைய தமிழ்ப் புத்தகமும் அவளோடு போயிருந்தது. தட்டில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. சோபாவில் அந்த வெள்ளைப் பெட்டி கிடந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு கெட்டித்தனமும் வேலை செய்தது. பூசையில் வைத்துவிட்டால் விசயதசமி வரை தொடமாட்டாள். ஆசிரியை சொன்ன திரைநேரம் சரஸ்வதியின் பெயரால் குறைந்துவிடும். நான் திட்டவேண்டியதில்லை, அவள் அழவேண்டியதில்லை. பெட்டியை நன்றாகத் துடைத்து, மூடியின் நடுவில் சந்தனத்தைத் தாராளமாக வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். அழகாகக்கூட இருந்தது.

வகுப்பு முடிந்து தகப்பனோடு வந்தவள் தட்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அம்மா! செ பா ல மியென்! என்ர இல்லை அம்மா, லூசின்ர!"

வெள்ளிக்கிழமை பள்ளி விடும்போது இருவரும் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். லூசியின் கடையில் கணவாய் மீன் உருண்டை விற்கிறார்களாம், ஆரணியின் கடைக்கு அது இன்னும் வரவில்லை. அதைச் சமைத்துப் பார்க்க அவளுக்கு ஆசை. திங்கள் காலை திருப்பிக் கொடுப்பதாக இருவரும் சத்தியம் செய்திருக்கிறார்கள். விசயதசமி செவ்வாய்க்கிழமை.

என் கணவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வைச்சது வைச்சதுதான். செவ்வாய் காலமை வரைக்கும் அது சரஸ்வதியின்ர."

"அது லூசின்ர!" என்று ஆரணி தமிழில் கத்தினாள். அவள் தமிழில் கத்தியதை அதுவரை நான் கேட்டதில்லை.

"இஞ்சாருங்கோ, பிள்ளை வாக்குக் குடுத்திட்டு வந்திருக்கு."

"அதுக்கு? என்ர அம்மா ஒருநாளும் இடையிலை எடுத்ததில்லை. கத்தியில்லாமல் நான் வேலைக்குப் போறேன்தானே. ஒருநாள் பிந்திக் குடுத்தால் அந்தப் பிள்ளை என்ன செத்தா போகும்?"

"செவ்வாய்க்கிழமை கொடுத்தால் லூசி என்னோடு கதைக்கமாட்டாள்" என்றாள் ஆரணி மெதுவாக. இதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. அதுதான் என் வியாதி. ஞாயிறு மத்தியானம் அவரே கற்பூரத்தை எடுத்து நீட்டினார். "நீ எடுக்கத்தான் போறாய். அப்ப முறையா எடு." சின்னதாக ஒரு பூசை செய்து, பிள்ளையின் வாக்குக்காக இடையில் எடுக்கிறேன் தாயே என்று சொல்லிப் பெட்டியை எடுத்தேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் உதிரவில்லை. வெள்ளை மூடியின் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு.

சவர்க்காரம், எலுமிச்சம்புளி, பற்பசை எல்லாம் போட்டுப் பார்த்தேன். பிறகு கடைக்கு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்போம். தவமண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"மங்கியிருக்கு, போகேல்லை பிள்ளை. பிளாஸ்ரிக் குடிச்சிட்டுது."

"மூடியை மாத்தேலாதோ அண்ணை?"

"வெள்ளை மூடி இல்லை. சிவப்பு இருக்கு. முழுக்கச் சிவப்பாக்கினால் பொட்டுத் தெரியாது." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பகிடிக்குச் சொன்னனான். அழாதை. கொண்டுபோய் உள்ளதைச் சொல்லு" என்றார்.

5

உள்ளதைச் சொல்வதென்றால் பிரெஞ்சில் சொல்லவேண்டும். திங்கள் காலை படி இறங்கும்போதும் ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் நடக்கும்போதும் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். மிகவும் வருந்துகிறேன் மாதாம், இது எங்கள் சமய வழக்கம், பெட்டி பழுதாகவில்லை, விரும்பினால் வேறு வாங்கித் தருகிறேன். வினைச்சொல் ஒவ்வொருமுறையும் வேறுவிதமாக வந்தது. ஆரணி என் கையைப் பிடித்திருந்தாள்.

லூசியும் தாயும் பள்ளி வாசலிலேயே நின்றார்கள். லூசி கையை நீட்டினாள், ஆரணி பெட்டியைக் கொடுத்தாள். லூசி மூடியைப் பார்த்தாள். லூசியின் தாய் குனிந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. தெளிவான, நல்ல பிரெஞ்சு. யாரோ ஒரு பிள்ளை கதைக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அது பொட்டு. நாங்கள் படிக்கிற சாமானுக்கும் வேலை செய்கிற சாமானுக்கும் வைப்போம். புத்தகத்துக்கு, அப்பாவின் கத்திக்கு, அம்மாவின் கல்குலேற்றருக்கு. பிறகு அதெல்லாம் மூன்று நாள் ஓய்வெடுக்கும். உன்னுடையது முழுவதும் ஓய்வெடுக்கவில்லை, ஏனென்றால் நான் சத்தியம் செய்தேன்."

லூசி யோசித்தாள். "ஓய்வெடுத்தால்?"

"எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும்."

"அப்படியென்றால் உன்னுடையதற்கு ஏன் இல்லை?" என்று லூசி தன் பையிலிருந்து ஆரணியின் பெட்டியை எடுத்துக் காட்டினாள். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இது போகுமா?" என்று லூசியின் தாய் என்னைக் கேட்டார்.

"இல்லை மாதாம்" என்றேன். தயார் செய்த வசனத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"ம். சரி" என்றார். அந்தச் சரிக்கு என்ன பொருளென்று எனக்குத் தெரியவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள், அவரும் போய்விட்டார்.

அன்று கடையில் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். தவமண்ணை என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பித் தேநீர் போட அனுப்பினார். பின்னேரம் பள்ளி வாசலில் லூசியின் தாய் தெரிகிறாரா என்று பார்த்துக்கொண்டு ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆரணி வெளியே வந்தாள். "லூசி தாயிட்டைச் சொல்லப்போறாளாம், அதைத் துடைக்கவேண்டாமெண்டு" என்றாள். பிறகு, ஏதோ பெரிய மனுசிபோல, "அம்மா, நாளைக்கு என்ரதுக்கும் வையுங்கோ" என்றாள்.

அதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்கவேண்டாம். வகுப்பில் இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறாள். ஆசிரியை இப்போதும் திரைநேரம் பற்றிக் கேட்கிறார். நான் இப்போதும் பதிலைத் தேடுகிறேன்.

6

இந்த வருடம் புதன்கிழமை, அரைநாள் பள்ளி முடிந்த மத்தியானம், அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தேன். லூசியும் தாயும் நின்றார்கள். ஆரணிதான் வரச் சொல்லியிருக்கிறாள், என்னிடம் காலையில்தான் சொன்னாள்.

லூசி யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எங்களிடம் கற்றதல்ல அது, அந்தக் கடற்கரை ஊரில் கற்றது. எனக்குக் குனிந்து ஒரு வணக்கமும் சொன்னாள். அதுவும் அந்த ஊர் வணக்கம்தான். தாய் தன் கால்களைப் பார்த்தார், மகளின் சப்பாத்தைப் பார்த்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தன் சப்பாத்தையும் கழற்றினார். ஒரு காலுறையின் பெருவிரலில் ஓட்டை இருந்தது. அவர் அதை மற்றக் காலால் மறைத்துக்கொண்டார். அந்தக் கணத்தோடு அவரைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது.

லூசி பெட்டியை நீட்டினாள். பழைய பொட்டு மங்கி இளஞ்சிவப்பாகியிருந்தது. "அதே இடத்தில்" என்றாள். வைத்தேன். ஆரணியின் பெட்டியையும் பக்கத்தில் வைத்தேன். என் கணவரின் கத்தி ஏற்கெனவே அங்கே இருந்தது.

லூசியின் தாய் கைப்பையைத் திறந்தார், மூடினார், திறந்தார். ஒரு சின்னத் துவாயில் சுற்றியதை வெளியே எடுத்தார். தலைமுடி வெட்டும் கத்தரிக்கோல். முகம் சிவந்திருந்தது.

"வேலை செய்கிற சாமானும் வைக்கலாம் என்று லூசி சொன்னாள். இது என் நல்ல கத்தரிக்கோல். ஆனால் சனிக்கிழமை வேலைக்கு வேண்டும்."

"சனிக்கிழமை காலமைதான் விசயதசமி" என்றேன் தமிழில். பிறகு பிரெஞ்சில் சொன்னேன், வினைச்சொல் சரியாக வந்ததா என்று யோசிக்காமல்.

"வெட்டும் பக்கத்தில் பூசாதீர்கள்" என்றார்.

பிடியில் வைத்தேன். விரலில் குங்குமம் மிஞ்சியிருந்தது. ஆரணி தட்டுக்கு முன்னால் நின்று லூசிக்கு ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டிருந்தாள், வீடு முழுவதும் கேட்கும்படி. மிஞ்சியதை என் நெற்றியில் வைத்துக்கொண்டு தேநீர் போடப் போனேன்.

அடுத்தநாள் காலை குளித்துப் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு ஆரணியோடு பள்ளிக்குப் போய்த் திரும்பினேன். படியில் வேலைக்கு இறங்கிக்கொண்டிருந்த என் கணவர் என் நெற்றியைப் பார்த்தார்.

"துடைக்கேல்லையே?"

"மறந்துபோனன்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.